வட்டத்துக்குள் வைத்த சரக்கு

தெய்வசிகாமணி வாயைத் திறந்தால் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் கடைசியாகக் கட்டிக் கிடக்கும் மீன்பிடி போட்டு வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம்தான் அவனுக்குச் சோறு. மீன் ஏலம் கூவுகிறவன். விலையை மட்டும் கூவ மாட்டான். ஆளுக்கொரு பேர் வைத்து அதையும் சேர்த்துக் கூவுவான். மொத்தமாக மீன் வாங்க வரும் கோவிந்தசாமி செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எந்த மீனையும் தொட மாட்டார். அதனால் அவர் 'செவுளு'. கூடை தூக்குகிற அம்மாவாசை 'அரை பாட்டில்'. சொந்தப் பெண்டாட்டி அஞ்சலாட்சிக்கு அவன் வைத்த பேர் 'வத்தக் கருவாடு'.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகியும் வயிறு திறக்காததற்கு வைத்த பேர் அது. அவளும் அங்கேதான் மீன் எடுத்து, உப்பளம் பக்கம் தெருத் தெருவாகக் கொண்டுபோய் விற்றாள். கூடையோடு அவள் வந்து நின்றால், "கருவாடு மீனு வாங்க வந்துருக்குதுப்பா, வழி உடுங்க!" என்பான். சனம் சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காமல் நின்றால் அதற்கும் ஒரு பேர் வைப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

ஏலத்துக்கு ஒரு கட்டு உண்டு. தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கும். அதற்குள் எதை வைத்தாலும், கூவுகிறவன் முதலில் அது யார் சரக்கு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் விலை. தெரிந்தே பேரை மாற்றிச் சொன்னால் கூவுகிற உரிமை அன்றோடு போச்சு. மூன்றாம் தரம் சொல்வதற்குள் சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் சொந்தக்காரன் மட்டும்தான் எடுக்கலாம். அதுவும் வட்டத்துக்குள் வந்து நின்று, 'என் சரக்கு' என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத்தான். சுனாமிக்குப் பிறகு எது யார் போட்டு, எது யார் வலை என்று ஊரே அடித்துக்கொண்டபோது பஞ்சாயத்தில் பேசி வைத்த கட்டு. இரண்டு வருஷமாக யாரும் மீறியதில்லை.

அவன் தொண்டை கிழியக் கூவக் கூவ, வலது பக்கம் தொடையிடுக்கில் ஒரு வீக்கம் இறங்கும். கைலிக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே கூவுவான். முன்பெல்லாம் படுத்தால் உள்ளே போய்விடும். இப்போது போகவில்லை. குடல் இறங்கியிருக்கிறது, அறுத்துத்தான் சரி பண்ண வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவனுக்கும் அவசரம் இருந்தது. கோவிந்தசாமியின் தம்பி மகள் துர்காவை இரண்டாந்தாரமாகக் கேட்டு முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். அஞ்சலாட்சி சம்மதிக்கிறாள் என்று பஞ்சாயத்தில் அவள் வாயால் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. சொல்லாவிட்டால் கூடையும் பாயுமாகப் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மாமியார் குஞ்சம்மாள் தினமும் நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள். அது தாங்காமல் பத்து நாள் கடலூரில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, ஆபரேஷனுக்காகத்தான் அஞ்சலாட்சி திரும்பியிருந்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே சிகாமணி டாக்டரிடம் சண்டைக்குப் போனான்.

"டாக்டர், ஒரு பேச்சு. உள்ள எதை அறுத்து எடுத்தாலும் வெளிய எம் மனுசங்களுக்குக் காட்டணும். எங்க ஆளு ஒருத்தன் வயித்துவலின்னு போனான், கிட்னிய உருவிட்டானுங்க."

"யாருங்க அது?"

"பேரு தெரியாது. ஆனா உருவிட்டானுங்க."

"நீங்க சொல்லலைன்னாலும் நாங்க காட்டுவோங்க. அதுதான் இங்க வழக்கம்."

"எல்லாத்தையும் காட்டணும். ஒரு நரம்பு எடுத்தாக்கூட. இதோ நிக்கறாங்க எங்கம்மா. இதோ அரை பாட்டில்."

அம்மாவாசை கையைத் தூக்கிக் காட்டினான். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனாள். பெண்டாட்டியை அவன் காட்டவில்லை. அவள் பிளாஸ்க்கைப் பிடித்தபடி தூணோரம் நின்றிருந்தாள்.

அரைமணி வேலை என்றார்கள். அதையும் தாண்டி ரொம்ப நேரம் இழுத்தது. கதவு திறந்து மூடுகிறபோதெல்லாம் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் ஓட்டமாக உள்ளே போனார்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். குஞ்சம்மாள் மாரியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தாள். அம்மாவாசைக்கு நிற்க முடியவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவினான். நடுவில் டாக்டர் ஒருவர் வெளியே தலையை நீட்டி, "உள்ள தேவையில்லாத ஒண்ணு இருக்கும்மா, எடுத்துடறோம்" என்றார். குஞ்சம்மாள் எடுங்க சாமி என்று கும்பிட்டாள்.

அப்புறம்தான் நர்ஸ் வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. மேலே பச்சைத் துணி.

"தெய்வசிகாமணிக்கு யாரும்மா?"

துணியை விலக்கினாள். வெளுத்த, சதைப்பிடிப்பான ஒன்று, சின்னதாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னாடி இது, கணவா மீனு மாதிரி இருக்குது?" என்றாள் குஞ்சம்மாள்.

"கர்ப்பப்பைம்மா."

"யாருது?"

"உங்க பையனுதுதான்."

"ஏம்மா, நெஞ்சுல கைய வெச்சி சொல்லு. பொம்பளைக்கு இருக்கறதும்மா அது."

"கோடியில ஒருத்தருக்குப் பொறக்கும்போதே இப்படி வந்துடும்மா. அவரு ஆம்பளதான், அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல. உள்ள மட்டும் இது ஒண்ணு கூட இருந்துருக்கு. குடலோட சேந்து எறங்கிடுச்சி." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "கொழந்தை பொறக்க வாய்ப்பு இல்லன்னு டாக்டர் சொல்றாங்க. இனிமே இல்ல, எப்பவுமே இருந்துருக்காது."

அஞ்சலாட்சி தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குழந்தை வரத்துக்கு என்று கோயில் வாசலில் வெறுந்தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நக்கித் தின்றது நினைவுக்கு வந்தது. மண் பல்லில் கடிபட்டது. மூன்று ஆடி மாதம் அப்படித் தின்றாள். பின்னால் நின்று, இன்னும் குனிடி என்று சொன்னது குஞ்சம்மாள். அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. அந்த வராந்தாவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"செருப்பால அடிப்பேன்" என்றாள் குஞ்சம்மாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

நர்ஸ் உள்ளே போய், அதை மருந்துத் தண்ணி ஊற்றிய அகலவாய் பாட்டிலில் போட்டு மூடி எடுத்து வந்தாள். "இத லேபுக்குக் குடுத்து டெஸ்ட் பண்ணணும். உள்ள கட்டி ஏதாவது இருந்தா இப்பவே தெரிஞ்சிக்கணும். உட்டுடாதீங்க" என்று அஞ்சலாட்சியின் கையில் கொடுத்தாள்.

பாட்டில் அவள் கையில் இருக்கும்போதுதான் அம்மாவாசை டீயோடு திரும்பி வந்தான். நர்ஸ் வாசலிலிருந்து திரும்பி, "கர்ப்பப்பை ஜாக்கிரதைம்மா, மூடி லூசா இருக்கும்!" என்று கத்திவிட்டுப் போனாள்.

அம்மாவாசை பாட்டிலையும் அஞ்சலாட்சியையும் பார்த்தான். "கர்ப்பப்பையா? யாருது பெரிம்மா?"

குஞ்சம்மாள் ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை.

"யாருது, இந்த மூதேவியோடதுதான். பத்து நாளா அம்மா வூட்டுக்குப் போயிருந்தாளே, எதுக்குன்னு நெனச்ச? கடலூர்ல எடுத்துட்டாங்க. கெட்டுப்போயி அழுவிக் கெடந்துச்சாம். இங்க ஒருவாட்டி காட்டிடலாம்னு எடுத்தாரச் சொன்னேன்."

"நல்லா நிக்கறாங்களே பெரிம்மா?"

"இப்பல்லாம் ஓட்டை போட்டு உருவிடறாங்கடா. உனக்கு என்னா தெரியும்?"

அம்மாவாசை முகம் தொங்கிப்போனது. "அய்யோ அண்ணி" என்றான். நிஜமாகவே கண் கலங்கியது அவனுக்கு. அஞ்சலாட்சி வாயைத் திறந்தாள். குஞ்சம்மாள் அவள் முழங்கைச் சதையை நகத்தால் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். திறந்த வாயை அஞ்சலாட்சி மூடிவிட்டாள். ஏன் மூடினாள் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். ஏழு வருஷப் பழக்கம், வேறென்ன.

வார்டில் சிகாமணி இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்தான். அம்மாவாசையை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, இரண்டு பெண்களும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"காட்டுனாங்களா?" என்றான்.

"காட்டுனாங்க" என்றாள் அஞ்சலாட்சி.

"அரை பாட்டில் பாத்தானா?"

"என்னுதுன்னு சொல்லிட்டாங்க உங்கம்மா."

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அவன் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்துக்கொண்டு பேசினான். "முதுவுல ஊசி போட்டாங்க. காலுதான் மரத்துச்சி, காது மரக்கல. ஒவ்வொருத்தனா கூப்ட்டு காட்டறாங்க. ஒருத்தன் செல்போன்ல படம் புடிக்கறான். 'வாழ்த்துக்கள் சார், பையனா பொண்ணா'ன்னு ஒருத்தன் கேக்கறான். எல்லாம் சிரிக்கறானுங்க. நான் கண்ண மூடிக்கினு தூங்கற மாதிரி கெடந்தேன்."

அஞ்சலாட்சிக்குப் பரிதாபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தாள். கால்மாட்டில் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சலா" என்றான். அவள் பேரை அவன் சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. "அது உன்னுதாவே இருக்கட்டும். உனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஏற்கெனவே மலடின்னுதானே பேரு."

"துர்கா?"

"வேணாம்னு சொல்லிடறேன். ரெண்டாங்கல்யாணம் கெடையாது. வூட்டு சாவி உன் கையில."

"இனிமே ஊர் நடுவுல என்ன ஒரு பேச்சு பேசக் கூடாது. கருவாடுன்னு வாயில வரக் கூடாது."

"பேச மாட்டேன்."

"எம் பேரு என்னா?"

"அஞ்சலாட்சி."

"சத்தமா சொல்லு. கேக்கல."

பக்கத்துக் கட்டில் ஆள் திரும்பிப் பார்த்தான். "அஞ்சலாட்சி!" என்றான் சிகாமணி. மரமரப்பு விடத் தொடங்கித் தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. அவளுக்கு அது நன்றாக இருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

லேபுக்குப் போக வேண்டாம், பேர் கேட்பார்கள், முகத்துவாரத்தில் வீசிவிடு என்றாள் குஞ்சம்மாள். சரி என்று தலையாட்டினாள் அஞ்சலாட்சி. வீசவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிழிந்த வலைக்கு அடியில் ஓர் உடைந்த ஐஸ்பெட்டி கிடந்தது. அதற்குள் வைத்து மூடினாள். டெஸ்ட் பண்ணாவிட்டால் அவனுக்கு ஆபத்து என்று நர்ஸ் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

வாக்கை அவன் கொஞ்ச நாள் காப்பாற்றினான். கல்யாணத்தை நிறுத்தினான். நிறுத்தியதுதான் வினை. பெண் கொடுக்க இருந்த கோவிந்தசாமியே வீட்டுக்கு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கர்ப்பப்பை இல்லாத பொண்டாட்டிய உட மாட்டேன்னுட்டியாமே. எங்களுக்கு மனக்கஷ்டம்தான். ஆனா உன்ன மாதிரி ஒரு ஆம்பளய நான் பாத்ததில்ல தம்பி."

ஆம்பளை என்கிற வார்த்தையைக் கேட்டு அவன் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான். அஞ்சலாட்சி டம்ளரில் மோர் எடுத்து வந்தாள். ஆபரேஷன் ஆனவள் மெதுவாக நடக்க வேண்டும் என்று மாமியார் சொல்லியிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

ஊர் முழுக்க அதுதான் பேச்சு. தெய்வம் என்று பேர் வைத்ததற்கு ஏற்ற மாதிரி இருக்கிறான் என்றார்கள். தெருப் பெண்கள் அவளுக்கு ரொட்டியும் பாலும் கொண்டுவந்து வைத்து, "கொடுத்துவெச்சவடி, வேற எவனா இருந்தாலும் தொரத்தியிருப்பான்" என்றார்கள். அவள் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். தையல் ஆறி அவன் கூவ ஆரம்பித்தபோது கூட்டம் முன்னைவிட அதிகமாக நின்றது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவன் சத்தம் ஏறியது. அம்மாவாசையை மறுபடி அரை பாட்டில் என்றான். கோவிந்தசாமியை மறுபடி செவுளு என்றான். பொய் அவனுக்கே மறந்துபோன மாதிரி இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, நல்ல வெயில் ஏறியபின், வட்டத்துக்குள் ஒரு பெரிய கொடுவா மீன் கிடந்தது. சினையை யாரோ முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். வயிறு தொய்ந்து ஒட்டிக் கிடந்தது. அஞ்சலாட்சி கூடையோடு மற்ற பெண்கள் நடுவில் நின்றிருந்தாள்.

சிகாமணி மீனின் வயிற்றை விரலால் தூக்கிக் காட்டினான். "கடைசி போட்டு சரக்குப்பா! உள்ள ஒண்ணுமில்ல பாத்துக்குங்க! எங்க வூட்டு சரக்கு மாதிரி! பையும் இல்ல, வெலையும் இல்ல! தாலி கட்டுன பாவத்துக்கு வெச்சிக் காப்பாத்தறேன், இத எவன் காப்பாத்துவான்? கேளுங்க, கேளுங்க!"

வழக்கத்தைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் நின்ற பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டு, அஞ்சலாட்சியின் தோளில் கை வைத்துச் சிரித்தாள்.

அஞ்சலாட்சி கூடையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வீடு கூப்பிடு தூரம்தான். குஞ்சம்மாள் வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னாடி, மீனு எடுக்கலையா?" என்று கேட்டாள். அஞ்சலாட்சி நேராகப் பின்பக்கம் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் அடுத்த கூடைக்குப் போயிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், வட்டத்துக்கு நடுவில் பாட்டிலை வைத்தாள். மருந்துத் தண்ணி கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது.

"ஏலம் உடுங்க" என்றாள்.

அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"யாரு சரக்குன்னு மொதல்ல சொல்லணும். சொல்லுங்க."

"ஏய், அண்ணியோட கர்ப்பப்பைடா அது!" என்றான் அம்மாவாசை. "ஆஸ்பத்திரியில பாத்தேன். இங்க ஏன் அண்ணி எடுத்தாந்த?"

"அது எம் பொண்டாட்டியோடதுன்னு அவரு சொல்லட்டும். சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள நின்னு சொல்லட்டும்."

சிகாமணி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பான். ஆனால் அந்தக் கோட்டுக்குள் அவன் ஒருநாளும் பேரை மாற்றிச் சொன்னதில்லை. அந்த ஒன்றில்தான் அவன் பெருமையெல்லாம் இருந்தது. கை தானாக வலது தொடையிடுக்குக்குப் போய் அழுத்திக்கொண்டது.

அஞ்சலாட்சி மாராப்பை ஒதுக்கிப் புடவைக் கொசுவத்தைக் கீழே இறக்கினாள். வெயிலில் வயிறு தெரிந்தது. "வந்து பாருங்கடி. ஓட்டை போட்டாங்களாம். எங்க இருக்குது, கண்டுபுடிங்க."

இரண்டு கிழவிகள் உண்மையிலேயே குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி மீன்செதில் ஒட்டிய விரலால் தடவிப் பார்த்தாள். "ஒரு கோடுகூட இல்லியேடி" என்றாள். கோவிந்தசாமி தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வயிற்றைப் பார்க்கவில்லை. சிகாமணியின் கை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"தம்பி" என்றார் மெதுவாக. "உனக்கு அன்னைக்கி என்னாப்பா ஆபரேஷன் பண்ணாங்க?"

யாரும் பேசவில்லை. இந்த அமைதிக்காகத்தான் அஞ்சலாட்சி வந்திருந்தாள். இனி எல்லாரும் தலையைத் தொங்கப் போடுவார்கள், அவளிடம் வந்து ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்திருந்தாள்.

"ஒரு ரூவா!" என்று கத்தினான் அம்மாவாசை.

பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். "ரெண்டு ரூவா!" "சிகாமணி கர்ப்பப்பை, அஞ்சு ரூவா!" "புது சரக்குப்பா, ஐஸ் வெக்காதது!" "சிகாமணி இல்லடா, சிகாமணியக்கா!" அவன் பேர் வைத்த ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விலை கேட்டார்கள். ஒருவன் பாட்டிலைத் தூக்கி, செவுள் பார்ப்பது போல மூடியைத் திறக்கப் போனான். வயிற்றைத் தடவிய கிழவி அஞ்சலாட்சியின் காதருகே வந்தாள். "ஏழு வருசமா பொம்பளகூடவா குடும்பம் நடத்தின? கொமட்டலயாடி உனக்கு?" என்று சொல்லி, விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு தரம்!" என்றார்கள். சிகாமணி வட்டத்துக்கு வெளியே ஐஸ் குவியலில் சாய்ந்து நின்றான். கைலி நனைந்துகொண்டிருந்தது.

"ரெண்டு தரம்!"

"என்னுது!" என்று கத்தினாள் அஞ்சலாட்சி. ஓடிப்போய் வட்டத்துக்குள் நின்றாள். "என் சரக்குதான்! ஏலத்துல இல்ல! குடுங்கடா!"

"உன்னுது இல்லன்னு இப்பதானே தொறந்து காட்டுன?" என்றான் அம்மாவாசை. கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. "சொந்தக்காரன் சொன்னாதான் எடுக்கலாம். அதுதானேண்ணே கட்டு?"

எல்லாரும் சிகாமணியைப் பார்த்தார்கள். அவன் ஐஸை விட்டு நகர்ந்தான். கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான். அவளைப் பார்க்கவில்லை. பாட்டிலைத் தூக்கி வைத்திருந்தவனிடம் கையை நீட்டினான்.

"என் சரக்கு" என்றான்.

"கேக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சத்தமா சொல்லுக்கா!"

அஞ்சலாட்சி புடவையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

அவன் மூச்சை இழுத்து, இடது கையால் தையல் இருந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தினமும் கூவுகிற குரலில் கூவினான். கடைசியாகக் கட்டிக் கிடந்த போட்டில் வலையை உதறிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.